காய் உடைத்தவர் பெயர்

காலை 5.50, திருநகர் இரண்டாவது ஸ்டாப்.

நல்ல எண்ணத்தோடு கிளம்பிய பயணம் இல்லை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, கைப்பையில் ஒரு நோட்டும் நானே செய்த சாக்லேட் ஒரு டப்பாவும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். எழுமலைக்குப் பக்கத்தில் என் பள்ளித் தோழி செல்வராணி கோகோ தோப்பு வைத்திருக்கிறாள். அதில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிளம்பியது அதற்குத்தான்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க். பதினோரு வருடமாக எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் சேலில் வாசலை ஒட்டிய முதல் மேசை என்னுடையது. கடையில் சாக்லேட் கட்டி வாங்கி, உருக்கி, முந்திரி போட்டு, அச்சில் ஊற்றி, தங்கத் தாளில் சுற்றி விற்பேன். "ஜெசி சாக்லேட்" என்றால் சபையில் தெரியாத ஆள் இல்லை. இந்த வருடம் பெண்கள் சங்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் கிரேஸ் அக்கா ஒரு பழுப்புத் தாள் பொட்டலத்தை எடுத்து வைத்தார். சேலுக்கென்று செல்வராணி அனுப்பிய சாக்லேட். மேலே கையெழுத்தில் ஒரு வரி: "காய் உடைத்தவர்: பேச்சியம்மாள்." பின்னால் ஒட்டிய அட்டையில் அச்சில் இரண்டு வரி: "குழந்தைகள் கை படாதது. காடு அழிக்காதது."

அதற்கு முந்தைய மாதம்தான் சிறுவர் ஞாயிறு அன்று ஒருவர் வந்து மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசியிருந்தார். அங்கே கோகோ போடுவதற்காகக் காட்டை வெட்டுவது, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் அரிவாளோடு தோப்பில் நிற்பது, அந்தக் கொட்டையில் செய்ததைத்தான் நாம் வாயில் போட்டுக்கொள்வது, எல்லாம் சொன்னார். அந்தப் பேச்சு முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஆக, சேலில் ஒரு சாக்லேட் மேசைதான், அது இந்தத் தடவை செல்வராணிக்கு என்று பேச்சு அடிபட்டது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து கிரேஸ் அக்கா சொன்னார்: "நீயே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா ஜெசி. அவ சொல்றதெல்லாம் நெசந்தானான்னு நம்ம சபைப் பத்திரிகைல எழுது. அத வச்சு முடிவு பண்ணுவோம்."

என்னையே அனுப்பினாரே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை 6.45, ஆரப்பாளையம்.

திருநகரிலிருந்து பெரியார் வரைக்கும், அங்கிருந்து ஆரப்பாளையத்துக்கு, இரண்டும் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். பஸ் ஸ்டாண்டில் டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை அதிகம். உசிலம்பட்டிக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், சுமார் நாற்பது கிலோமீட்டர். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே, "எழுமலையா போறீக? அப்ப எறங்குனதும் ஓடுங்கக்கா. அந்த வண்டி யாருக்கும் நிக்காது" என்றார்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டும்போது மலையின் முதுகில் வெயில் ஏறியது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினார்கள். ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனால் வெளியே எதைப் பார்த்தாலும் எனக்கு செல்வராணி ஞாபகம்தான்.

எங்கள் பள்ளி ஹாஸ்டலில் அவள் பக்கத்துக் கட்டில். அவளுடைய அப்பா அம்மா இருவரும் எழுமலைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. ஒன்பதாம் வகுப்பில் என் பழைய யூனிபார்ம் இரண்டை அவளுக்குக் கொடுத்தேன். முப்பத்தாறு வருடமாக அதை நான் மறக்கவில்லை. நல்லது செய்தோம் என்பதை மனிதன் எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான் பாருங்கள். அவள் தாவரவியல் படித்து, அரசு வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கரையேற்றி, விருப்ப ஓய்வு வாங்கி, அவள் அம்மா கூலிக்குக் களையெடுத்த அதே தென்னந்தோப்பை நாலு ஏக்கர் வாங்கிவிட்டாள். நான் இன்னும் அதே ஆபீஸில் வருகைப் பதிவேடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கொடுத்த கை மேலே, வாங்கிய கை கீழே என்று நான் நினைத்திருந்த கணக்கு எப்போதோ புரண்டுவிட்டது. வயிற்றெரிச்சல் என்பதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் போடுவேன், எனக்குத் தெரியவில்லை.

காலை 8.15, உசிலம்பட்டி.

கண்டக்டர் சொன்னபடியே ஓடினேன். எழுமலை வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. படியில் நின்ற ஒரு பெண் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மழை இந்த வருடம் இங்கே சரியாகப் பெய்யவில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் சோளத்தட்டை காய்ந்து நின்றது. அதற்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைத் திட்டு. பச்சை இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது.

காலை 9.00, எழுமலை.

இங்கிருந்து தோப்புக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். "ராணியக்கா தோப்புக்கா? சாக்லேட் தோப்புன்னு சொல்லுங்க. வெளியூர்லருந்து கார்ல வந்து போட்டா எடுத்துட்டுப் போறாக. அக்கா நம்ம ஊருக்கே ஒரு பேரு வாங்கிக் குடுத்துருச்சு" என்றார். நான் "அப்படியா" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "ஆனா இந்தக் கோடைல ஒரு பகுதிய வெட்டிட்டாக" என்றார்.

"ஏன்?"

"வெல விழுந்துருச்சுல்லக்கா. மொத வருசம் அம்புட்டு வெல. எல்லாரும் கன்னு வச்சாக. இப்ப கேக்க ஆளில்ல."

காலையிலிருந்து காலியாக இருந்த என் வயிற்றில் அது இட்லி மாதிரி இறங்கியது. நோட்டை எடுத்து "வெட்டிவிட்டாள்" என்று எழுதிக்கொண்டேன்.

காலை 9.20, தோப்பு.

வெயிலில் வந்துவிட்டு உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. மேலே தென்னை ஓலை, அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்தில் கோகோ மரங்கள், அதற்கும் கீழே முழங்கால் வரைக்கும் சருகு. கோகோ காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை. நடு மரத்திலேயே, பட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்த மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. சிலது பச்சை, சிலது மஞ்சள். பலா காய்ப்பது மாதிரிதான், ஆனால் கைக்குள் அடங்கும் அளவு.

செல்வராணி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். தலையில் ஒரு முடி நரைக்கவில்லை. சாயம்தான் என்று நினைத்து ஆறுதல் பட்டேன். "வாடி ஜெசி, எளச்சுப் போயிட்ட" என்று கட்டிக்கொண்டாள். அவளிடம் புளிப்பு வாசனை வந்தது. பிறகு காரணம் தெரிந்தது. உடைத்த காயிலிருந்து எடுத்த கொட்டையை வெள்ளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை போட்டு மூடி, ஆறு நாள் புளிக்க வைக்கிறார்கள். பெட்டிக்குள் கையை விடச் சொன்னாள். சுட்டது. கொட்டை தானாகவே அவ்வளவு சூடாகிறது. அதற்குப் பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, அரைப்பது. ஒரு கிலோ காய்ந்த கொட்டைக்கு இருபத்தைந்து காயாவது உடைக்க வேண்டுமாம். ஒரு காயைத் தட்டி உடைத்து ஒரு சுளையை என் வாயில் போட்டாள். சீத்தாப்பழ ருசி. பதினோரு வருடமாக சாக்லேட் செய்கிறேன், கோகோ காயை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

தோப்பின் மேற்கு ஓரத்தில் வெட்டின கட்டைகள் வரிசையாக நின்றன. நான் எண்ணினேன், நூறுக்கு மேல். "விலை இல்லைன்னு வெட்டிட்டியா?" என்று கேட்டேன்.

"ஊருல அப்படித்தான் சொல்றாக" என்றாள். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே கொட்டகைக்குள் போய்விட்டாள்.

காலை 11.30, வேலி ஓரம்.

வெட்டின கட்டைகளைத் தாண்டினால் மோட்டார் ரூம். அதை ஒட்டி முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு எட்டில் ஒரு கல் கிணறு. வேலித் திறப்பு வழியாகப் போய் நானே எட்டு வைத்து அளந்தேன். எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பிளாஸ்டிக் குடமும் காய்ந்த எருக்கும்தான் கிடந்தன.

கிணற்றடி வேம்பு நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து கோகோ காய் உடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கட்டையால் ஒரே தட்டு, காய் இரண்டாகப் பிளக்கும், கட்டை விரலால் வழித்துப் பாத்திரத்தில் தள்ளுவார். கத்தி வைத்தால் கொட்டை வெட்டுப்படுமாம். பெயர் கேட்டேன், பேச்சியம்மாள். பொட்டலத்தில் இருந்த பேச்சியம்மாள். மதுரையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் "டீச்சரா" என்றார். இல்லை, கிளார்க் என்று நான் திருத்தவில்லை.

"இந்தக் கெணறு யாருது?"

"எங்களுதுதான். முக்கா ஏக்கரு. வெங்காயம் போடுவேன், பொழுதுக்கும் எறச்சாலும் வத்தாது. ராணி அந்தா அங்கிட்டு போரு போட்டதுக்கு அடுத்த கோடைல வத்திருச்சு. தொள்ளாயிரம் அடி போட்டுருக்கா."

"இவ்வளவு கிட்டயா போட்டாங்க?"

பேச்சியம்மாள் சிரித்தார். "நீரோட்டம் பாக்க ஆளக் கூட்டியாந்தாக டீச்சர். உள்ளங்கைல தேங்காய வச்சுக்கிட்டு நடப்பாகல்ல, அது நட்டமா எந்திரிச்சு நிக்கிற எடத்துல தண்ணின்னு. அந்தாளு தோப்பெல்லாம் சுத்திட்டு இங்க வந்து நின்னாரு, தேங்கா எந்திரிச்சுருச்சு. கெணத்துப் பக்கத்துல தண்ணி இருக்கும்னு சொல்லத் தேங்கா எதுக்கு? நானே சொல்லிருப்பேனே."

தாவரவியல் படித்தவள் தேங்காயை நம்பிப் போர் போட்டிருக்கிறாள். நான் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே நல்லா இருந்தது. நோட்டில் வேகமாக எழுதினேன்: பன்னிரண்டு எட்டு, தொள்ளாயிரம் அடி, வெங்காயம் போச்சு. முதல் மேசை என் கண் முன்னால் தெரிந்தது, வெள்ளை விரிப்போடு.

"இப்ப என்ன செய்யுறீங்க?"

"இந்தா, அவ காய ஒடைக்கிறேன். நாள் கூலி தப்பாம குடுத்துருவா, கொற சொல்ல மாட்டேன். சண்ட போட்டேன், ஆறு மாசம் பேசல. அப்பறம் தண்ணி மிச்சமாகட்டும்னு இந்தப் பக்கத்து மரத்த வெட்டுனா. ஒருநா விட்டு ஒருநா கொழாய்ல தண்ணி விடுறா. தட்டப்பயறு போட்டுருக்கேன்." அடுத்த காயைத் தட்டினார். "ஆனா டீச்சர், எந்தண்ணிய நானே கேட்டு வாங்க வேண்டியிருக்குல்ல. அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

இதுவும் நோட்டில் ஏறியது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. டப்பாவைத் திறந்து என் சாக்லேட்டை நீட்டினேன். தங்கத் தாளைப் பிரித்து, பாதியைக் கடித்து, கண்ணை மூடி மென்றார்.

"ராணி செய்யுறது கசக்கும். இது நல்லா இருக்கு. நீங்க செஞ்சதா?"

"நான்தான்."

"இதுக்கு யாரு ஒடச்சது?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"காய. உங்க பக்கம் யாரு காய் ஒடைக்கிறா?"

எனக்குத் தோப்பில்லை, கடையில் கட்டியாக வாங்குகிறேன் என்றேன். கடைக்காரர் எங்கே வாங்குகிறார் என்று கேட்டார். கம்பெனியில் என்றேன். கம்பெனிக்கு எந்த ஊர்த் தோப்பு என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. தன் விரலைப் பார்த்தார். காய்ச் சாறு பட்டுப் பட்டு நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. "யாரோ ஒருத்தி ஒடச்சுருப்பா" என்று சொல்லிவிட்டு மீதிப் பாதியைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மதியம் 1.15, சாப்பாடு.

கொட்டகையில் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, தோப்புத் தேங்காய் துவையல். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும் எனக்கு எரிச்சல்தான். பாதிச் சாப்பாட்டில் செல்வராணி கேட்டாள்: "பேச்சிகிட்ட பேசிட்டியா?"

"பேசினேன்."

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன். காடு அழிக்கலன்னு அட்டைல போட்டுருக்க. கிணத்த அழிச்சத எங்க போட்டுருக்க?"

குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "போடல. எழுதிப் பாத்தேன், அச்சுக்குக் குடுக்கத் தைரியம் வரல. வெல விழுந்ததுக்கும்தான் மரத்த வெட்டுனேன், அவளுக்காகவும்தான் வெட்டுனேன். எது எம்புட்டுன்னு எனக்கே தெரியாது. வெல விழாம இருந்திருந்தா வெட்டிருப்பேனான்னு கேக்காத."

நான் அதைத்தான் கேட்க இருந்தேன்.

"நீ எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியும்டி. கிரேஸ் அக்கா போன்ல சொன்னாக. எழுது. உள்ளத எழுது." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ குடுத்த யூனிபார்ம்ல கக்கத்துல கிழிஞ்சிருந்துச்சு. எங்கம்மா தச்சுக் குடுத்துச்சு. கைய ஒசத்துனா தையல் தெரியும்னு ஒம்பதாம் வகுப்பு முழுக்க நான் பதில் சொல்லக் கைதூக்கல. அதயும் எழுதுறதுன்னா எழுது."

எனக்குத் தெரியாது. கொடுக்கும்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மா மடித்து வைத்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு முப்பத்தாறு வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். மோர் ஊற்றினாள். மோர்ச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தோம்.

மதியம் 2.40, கிளம்பியது.

ஆட்டோ வரைக்கும் வந்து ஒரு மஞ்சள் காயைப் பையில் போட்டாள். "உடச்சுப் பாரு, உன் கையால" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்று பேச்சியம்மாள் முறை. மண்வெட்டியோடு தட்டைப்பயற்றுப் பாத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தார். செல்வராணி வேலி ஓரம் நின்று, "பேச்சி, போதுமா, இன்னும் ஓடட்டுமா?" என்று கேட்டாள். "இன்னும் அரைமணி ஓடட்டும்" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது. செல்வராணி சரி என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் காட்சிதான். உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. செக்கானூரணி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் எதன் மேல் பொறாமைப்பட்டேன் என்று பட்டியல் போட்டால் தோப்பு, பெயர், போட்டோ, கறுத்த முடி. மாலையில் அதெல்லாம் எங்கோ போய், வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு கிணற்றை வற்றடித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கிணற்றுக்காரியின் பெயர் அவளுக்குத் தெரியும். திட்டு வாங்க, தண்ணீர் விட, போதுமா என்று கேட்க, போய் நிற்க அவளுக்கு ஒரு வேலி ஓரம் இருக்கிறது. பதினோரு வருடமாக நான் உருக்கி ஊற்றிய கட்டிக்காக எந்த ஊரில் என்ன வற்றியது, யார் பிள்ளை அரிவாள் பிடித்தது, எனக்குத் தெரியாது. நான் போய் நிற்பதற்கு எந்த வேலியும் இல்லை. செல்வராணியின் தப்பைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. இது என்ன பிழைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மாலை 5.50, திருநகர்.

கைகால் கழுவிவிட்டு நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்த ஐந்து கிலோ கட்டி இருந்தது. உறையைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். சர்க்கரை, தாவரக் கொழுப்பு, கோகோ பொடி. அடியில் பொடி எழுத்தில் "இறக்குமதி செய்யப்பட்டது." எந்த நாடு என்றுகூடப் போடவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அக்கா, அதெல்லாம் யாருக்கா கேப்பா? நல்லா போகுதா, அது போதும்ல" என்றார்.

அது போதும் என்றுதான் நானும் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே இதை எழுதி முடித்தேன். கிரேஸ் அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: செல்வராணியின் தோப்பில் குழந்தைகள் வேலை செய்யவில்லை, நான் பார்த்த வரைக்கும் அது உண்மை. காடு அழிக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அந்தத் தோப்பு ஒரு கிணற்றைக் குடித்துவிட்டது. கிணறு பேச்சியம்மாளுடையது. அதை அட்டையில் போடாமல் அவளுக்கு மேசை கொடுக்காதீர்கள். போட்டால் முதல் மேசையையே கொடுங்கள். இந்த வரியை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதையும் அப்படியே அச்சில் போடுங்கள்.

இதனோடு என் சாக்லேட் ஒரு டப்பாவையும் அனுப்புகிறேன். மூடியில் ஒரு தாள் ஒட்டி, செல்வராணி எழுதுகிற மாதிரியே "காய் உடைத்தவர்:" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. "யாரோ ஒருத்தி ஒடச்சுருப்பா" என்று சொல்லி, பேச்சியம்மாள் பாதி சாக்லேட்டை மடித்து முந்தானையில் முடிந்தது ஞாபகம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.